கரிக்கிடங்கு வீட்டுச் செடிகள்

காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே புஷ்பவல்லி இலைகளைத் துடைத்துவிடுவாள். ஈரத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு, இடது உள்ளங்கையை இலைக்கு அடியில் தாங்கலாகக் கொடுத்து, காம்பிலிருந்து நுனிவரை மெதுவாக ஒரு தடவல். துணி கறுத்துவிடும். அலசிப் பிழிந்துகொண்டு அடுத்த இலைக்குப் போவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான்கு வயது அம்முவின் கையிலும் ஒரு கந்தல் இருக்கும். எட்டுகிற உயரத்து இலைகள் அவள் பங்கு.

"இது மூஞ்சி கழுவிக்கிச்சி. அது இன்னும் கழுவல. சோம்பேறி."

இப்படிச் சொல்லிக்கொண்டே வரும் குழந்தை பாதியில் நிறுத்திவிடுவாள். தோள்கள் ஏறி இறங்கும். மார்புக்குள் பூனை ஒன்று புகுந்துகொண்டதுபோல் சத்தம் வரும். புஷ்பவல்லி துணியைப் போட்டுவிட்டு அவளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவுவாள்.

அவர்கள் குடியிருந்தது ராயபுரத்தில் ஒரு கரிக்கிடங்கின் மதிலுக்குள். ஒரே அறை, ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே இருபதடி தள்ளி நிலக்கரி மலைபோல் குவிந்திருக்கும். ரயில் வேகன் வந்த நாட்களில் ஆட்கள் கரியை மண்வெட்டியால் அள்ளிச் சாய்த்து வைத்த கம்பிச் சல்லடையில் வீசுவார்கள். கட்டி ஒரு பக்கம் உருளும். தூள் மறுபக்கம் விழும். விழாத தூள் காற்றோடு போகும். அந்த ஆட்களுக்குப் புஷ்பவல்லியின் புருஷன் தண்டபாணி மேஸ்திரி. மேஸ்திரி வேலையோடு சேர்த்துத்தான் முதலாளி இந்த அறையைக் கொடுத்திருந்தார். வாடகை கிடையாது. தண்டபாணியின் குடும்பத்தில் கட்டுமரம் ஏறாமல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். திரும்பப் போய்த் துடுப்புப் பிடி என்றால் அவனால் முடியாது, கை மறந்துவிட்டது.

செடிகளும் முதலாளி மூலமாகத்தான் வந்தன. சுதந்திரம் வந்த மறு வருஷம், துறைமுகத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறியபோது அவர் பங்களாச் சாமான்களை முதலாளி மொத்தமாக எடுத்தார். சோபாவும் கடிகாரமும் முதலாளி வீட்டுக்குப் போயின. ஹாலில் இருந்த ஏழு செடித் தொட்டிகள் மட்டும் யாருக்கும் வேண்டாதவையாக நின்றன. தண்டபாணி அவற்றைக் கரிவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான்.

"தொரை வூட்டுச் செடி. வெயிலே பாக்காம வளந்துதாம். வூட்டுக்குள்ளயே வெச்சிக்கலாம்மே, சோக்கா இருக்கும்."

அன்று அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துப் புஷ்பவல்லிக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியை நகர்த்தி, பாயைச் சுவரோரம் தள்ளி, ஜன்னலடியில் இடம் பண்ணினாள்.

அவற்றுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. முதல் மாதம் பாசத்தில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். சிவப்பு நரம்போடிய சேம்பு மாதிரிச் செடி மஞ்சளாகித் தொய்ந்தது. வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினாள். அது தண்டு அழுகிச் சாய்ந்தபின் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். மண் சேறாக நாறியது. அடியில் இருந்த துளையை வேர் அடைத்திருந்தது. மற்ற ஆறு தொட்டிகளையும் அன்றே பிரித்து, துளைமேல் செங்கல் சில்லு வைத்து, மணல் கலந்து மறுபடி நட்டாள். அதற்குப்பின் தண்ணீர் ஊற்றும் முன் விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பாள். குரோட்டன்ஸுக்கு வெளிச்சம் போதாவிட்டால் நிறம் வெளுத்தது. அதை ஜன்னலுக்கு நேரே வைத்தாள். பெரணிக்கு அந்த வெளிச்சமே அதிகம்; அதைப் பெட்டியின் மறைவில் வைத்தாள். எல்லாமே ஜன்னலைப் பார்த்துக் கழுத்தை நீட்டின. அதனால் வாரம் ஒருமுறை தொட்டிகளைக் கொஞ்சம் திருப்பிவிட்டாள். மெல்ல மெல்லப் புதுத் துளிர் வந்தது. சுருட்டிய பாய்போல் வந்து ஒரே இரவில் விரியும் இலையைக் காட்ட அம்முவை எழுப்புவாள்.

அந்த இலையில் பெரிய பெரிய ஓட்டைகள். எதிர்ச் சந்து அஜீசுன்னிசா முதல்முறை அதைப் பார்த்தபோது மூக்கில் விரல் வைத்தாள்.

"இன்னா தங்கச்சி இது, எலி கடிச்சி வெச்ச மாதிரி? காசு குடுத்து வாங்கியிருந்தா சண்ட போட்டிருப்பேன்."

"அது அப்டித்தான் அக்கா வளருது."

"வெள்ளக்காரனுக்கு எலி கடிச்சதுகூட அழகுதான் போ."

துறைமுகத்தில் கிரேன் வேலை செய்யும் உசேனின் மனைவி அவள். புஷ்பவல்லிக்கு அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே துணை. அம்முவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபின் தினமும் ஒருமுறை வந்து எட்டிப்பார்ப்பாள்.

பங்குனி பிறந்ததும் இழுப்பு அதிகமானது. ஆஸ்பத்திரியில் கலர் மருந்து கொடுத்தார்கள். காற்றோட்டமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள். சளிக்கு நல்லது என்று சாம்பிராணி போட்டதில் குழந்தை கண் செருகிப் போனாள். அதற்குப்பின் சாம்பிராணியைத் தொடவில்லை. அம்மு படுத்துத் தூங்குவதை விட்டுவிட்டாள். அம்மாவின் தோளில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

ஒருநாள் சாயங்காலம் தண்டபாணி வேலை முடிந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கணக்கர் கிட்ட கேட்டேன். அவரு படிச்சவரு. ராத்திரில செடிங்கல்லாம் நாம வுடற மாதிரியே மூச்சு வுடுதாம். விஷக்காத்து. இத்தினி சின்ன ரூம்ல ஆறு செடி. கொழந்தக்கி எங்கேந்து காத்து மிஞ்சும்?"

வாசலில் நின்றிருந்த அஜீசுன்னிசா யோசனையாகத் தலையாட்டினாள்.

"அதான பாத்தேன். புளியமரத்தடில ராத்திரி படுத்தா அமுக்குதுன்றாங்களே. நீ வூட்டுக்குள்ளயே தோப்பு வெச்சிகினு கீற."

"இழுப்பு ஆடில வந்துது. செடி கார்த்திகைலதான் வந்துது" என்றாள் புஷ்பவல்லி.

"ஆடில வந்தது சளி. இப்ப வர்றதுதான் இழுப்பு."

"அப்பவும் இதே சத்தம்தான் கேட்டுது, அம்மு நைனா."

"நீ பெரிய டாக்டரு! கொழந்த முக்கியமா, செடி முக்கியமா? சொல்லு."

அவள் எழுந்து முதல் தொட்டியைத் தூக்கினாள். அவன் உதவிக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. ஐந்து தொட்டிகளையும் ஒவ்வொன்றாக மதிலோரம் கொண்டுபோய் வைத்தாள். நிழல் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. ஆறாவதாக ஓட்டை இலைச் செடியைத் தூக்கும்போது அஜீசுன்னிசா தடுத்தாள்.

"இத எனுக்குக் குடு. வெயில்ல போட்டுக் கொல்லாத."

"உங்க வூட்ல பசங்க இல்லியா, அக்கா? விஷக்காத்துன்றாங்களே."

"எங்கூட்டு ஆம்பள குடிக்கற பீடிக்கி முன்னால இது வுடற மூச்சு இன்னா பண்ணிடும்? அந்தப் பொகையில இதுதான் சாவும். குடு."

மதிலோரச் செடிகளை வெயில் சும்மா விடவில்லை. நிழலிலேயே பிறந்து வளர்ந்த இலைகளில் முதலில் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. பிறகு அவை தீய்ந்த அப்பளம்போல் பழுப்பாகின. பெரணி கையில் எடுத்தால் நொறுங்கியது. அந்த வாரக் கடைசியில் குரோட்டன்ஸும் கத்திபோல் நிமிர்ந்த மருள் செடியும் தவிர மற்றவை முடிந்துவிட்டன. தண்ணீர்ப் பானையோடு அவள் மதிலோரம் போவதை ஆட்கள் பார்த்தார்கள், தண்டபாணியும் பார்த்தான்.

அறை இப்போது அகலமாக இருந்தது. அம்முவின் மூச்சு அப்படியேதான் இருந்தது.

"ரூம்ல தங்கிப்போன விஷம் போவ நாளாவும்" என்றான் தண்டபாணி.

அவன் அதை நம்பித்தான் சொன்னானா என்று புஷ்பவல்லிக்குத் தெரியவில்லை. சொல்லும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருந்ததை மட்டும் கவனித்தாள்.

துடைக்க இலை இல்லாமல் அம்மு இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கந்தலை எடுத்துக்கொண்டு தானாகவே அஜீசுன்னிசா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வீடு கிடங்கு மதிலுக்கு வெளியே, சந்து திரும்பி, கடல் பக்கம் பார்த்தது. கிடங்குக்கும் அதற்கும் நடுவே இரண்டு உயரமான குடோன்கள் மறைத்து நின்றன. அங்கே போய் இலையைத் துடைத்துவிட்டு, பசங்களோடு கிச்சிலிப்பழத் தோலை வைத்து விளையாடிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வருவாள். அப்படி ஒருநாள் வரவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. புஷ்பவல்லி கிளம்பும்போதே அஜீசுன்னிசா எதிரே வந்தாள். ஓடி வந்ததில் முக்காடு தோளில் கிடந்தது.

"இன்னா ஆச்சி அக்கா? கொழந்த..."

"ஒண்ணும் ஆவல. சத்தம் போடாம வா. வந்து பாரு."

அம்மு தரையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் ஓட்டை இலைச் செடி. ஒரு கை தொட்டியின் விளிம்பில் கிடந்தது. புஷ்பவல்லி பக்கத்தில் உட்கார்ந்து குனிந்தாள். மார்புக்குள் பூனை இல்லை. வெறும் மூச்சு, போய் வருகிற மூச்சு. கதவுக்கு வெளியே கோழி கொத்தும் சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

"எத்தினி நாழியா படுத்துகினு கீது?"

"நீட்டி நிமிந்து படுத்துச்சேன்னு நான்தான் பசங்கள வெளிய தொரத்திட்டேன். ஒரு தபாகூட இருமல, தங்கச்சி. பொய் சொன்னா என் நாக்கு அழுகிடும்."

புஷ்பவல்லி மகளின் கையிலிருந்த கந்தலை எடுத்துப் பார்த்தாள். காலையில் இலை துடைத்த துணி. சாதாரணப் புழுதி, மண் நிறம். அவள் வீட்டில் அதே துணி கறுத்துப்போகும். ஒவ்வொரு நாளும் அவள்தான் அதை அலசினாள். வேகன் வந்த மறுநாள் இரண்டு தண்ணீர் மாற்றவேண்டியிருக்கும். இலையில் படிந்ததை இத்தனை மாதம் துடைத்தவளுக்கு, அதே காற்றில் படுத்திருந்த குழந்தையின் உள்ளே என்ன படிந்திருக்கும் என்று அதுவரை தோன்றவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஜன்னலை அகலத் திறந்து வைத்தது அவள்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கி வந்ததும் விளக்கு வைப்பதற்குள் இழுப்பு தொடங்கியது. மறுநாள் மறுபடி அங்கே விட்டாள், நின்றது. இன்னொரு நாளும் பார்த்தாள். பிறகு, இரவு அம்மு அங்கேயே இருக்கட்டும் என்று அஜீசுன்னிசாவிடம் கேட்டாள். கேட்டுவிட்டாளே தவிர அன்றிரவு அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. கணக்கர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? ஒரு செடி பக்கத்தில் இரவெல்லாம் படுத்து ஏதாவது ஆகிவிட்டால்? தண்டபாணியிடம், அங்கே பசங்களோடு தூங்கிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

விடிந்ததும் அவனை அழைத்துக்கொண்டு போனாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றான். உள்ளே அம்மு விழித்து, பல் துலக்காத வாயோடு உசேனின் முதுகில் ஏறிச் சவாரி செய்துகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே கத்தினாள். மகள் கத்திக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று தண்டபாணி நினைத்திருக்க வேண்டும். அவன் தாடை அசைந்தது.

"வாய்யா மேஸ்திரி" என்றான் உசேன். "உம் பொண்ணு என்ன ஹார்பர் வரிக்கும் ஓட்டிகினு போயிடும் போலக் கீது."

"ராத்திரி முச்சூடும் அந்தச் செடி பக்கத்துலதான் படுத்துது" என்றாள் புஷ்பவல்லி.

தண்டபாணி செடியைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்களில் எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்பு.

திரும்பி நடக்கும்போது அவள் கேட்டாள். "சலிக்கறதுக்கு முன்னால கரி மேல தண்ணி தெளிச்சா தூள் பறக்காதுல்ல?"

"பறக்காது."

"அப்ப தெளிக்கச் சொல்லேன். நீதான மேஸ்திரி."

"ஈரக் கரி சல்லடையில ஒட்டிக்கும்மே. பாதி வேலகூட ஆவாது. மொதலாளிய கேக்காம நான் ஒரு சொம்புத் தண்ணி ஊத்த முடியாது."

"கேளு."

அவன் நடையை நிறுத்தினான். "கேட்டா இன்னா சொல்லுவாருன்னு உனுக்குத் தெரியாதா?"

"தெரியும். கேளு."

கேட்டான். அதை அவள் மறுக்கவே மாட்டாள். இடுப்புத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு முதலாளியின் மேசைக்கு முன்னால் அவன் நின்றதை ஆபீஸ் ஜன்னல் வழியாக ஆட்களெல்லாம் பார்த்தார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"ஒடம்புக்கு ஒத்துக்கலன்னா வூட்ட காலி பண்ணுன்னாரு. வேலைக்கும் சேத்து வேற ஆள் கீறானாம். சிரிச்சிகினே சொன்னாரு. அம்முவுக்கு மிட்டாய் குடுன்னு கையில வெச்சாரு."

காகிதம் சுற்றிய மிட்டாய்கள் இரண்டைத் தரையில் வைத்தான். இருவரும் அவற்றைத் தொடவில்லை.

"அம்மு அஜீசாக்கா வூட்லயே இருக்கட்டும்" என்றான் தண்டபாணி. "பகல்ல நீ போய்ப் பாத்துக்க."

"அவங்களுக்கே நாலு பசங்க. உசேன் அண்ணன் தங்கச்சி பிரசவத்துக்கு வருது. ஒரே ரூம்பு. எத்தினி நாளிக்கி?"

"அப்ப இன்னா பண்றதுன்ற?"

"திருவொற்றியூர் தாண்டி எங்க அண்ணன் குப்பம் கீது. நான் கொழந்தய இட்டுகினு போறேன்."

"எத்தினி நாளிக்கி?" அவள் கேட்ட கேள்வியையே அவன் திருப்பிக் கேட்டான். அண்ணன் மாரியப்பன் நல்லவன்தான். ஆனால் அவன் குடிசையில் இரண்டு வயிறு கூடினால் முதல் மாதம் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இரண்டாம் மாதம் அண்ணி பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். புஷ்பவல்லி கூடை தூக்கி மீன் விற்கப் போகவேண்டியிருக்கும். புருஷன் எங்கே என்று கடற்கரையே கேட்கும்.

"நீயும் வந்துடு" என்றாள்.

வெளியே வேகன் வந்து முட்டி நிற்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் "மேஸ்திரி, மேஸ்திரி" என்று கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போனான்.

அவள் புறப்பட்ட காலையில் அவன்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்தான். அம்மு நடுவில் இருவர் கையையும் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள். பஸ் கண்ணில் பட்டபோது அவன் அவசரமாகக் கேட்டான்.

"அந்த ரெண்டு செடி. நான் உள்ளார எடுத்து வெச்சிக்கட்டா?"

"வெச்சிக்க."

"எவ்ளோ தண்ணி ஊத்தணும்?"

"தெனம் ஊத்தாத. வெரல வுட்டுப் பாரு. ஒரு கணு ஆழத்துக்குக் காஞ்சிருந்தா ஊத்து. குரோட்டன்ஸ ஜன்னலாண்ட வை. ஒரேடியா வேணாம், மொதல்ல உள்ள தள்ளி வெச்சி, அப்பறமா கிட்ட கொண்டா. தீஞ்ச எலய பிச்சிடாத, தானா வுழும். மருளுக்கு மறந்துட்டாகூட ஒண்ணும் ஆவாது."

"மருளுக்கு மறந்துட்டா ஒண்ணும் ஆவாது" என்று அவன் பாடம்போல் திருப்பிச் சொன்னான்.

"எலய தொடைக்கணும். காலையில."

"தொடைக்கறேன்."

எப்போது வருவாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டுவிடக்கூடாது என்று அவளும் வேண்டிக்கொண்டிருந்தாள். மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு, மகளின் தலையைக் கையால் ஒருமுறை மூடித் திறந்தான். பஸ் நகர்ந்தது. அவன் அங்கேயே நின்றான். வேலைக்கு நேரமாகியிருக்கும். நின்றான்.

அம்மு ஜன்னலோரம் முழங்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் காற்று அடித்தது. புஷ்பவல்லி வழக்கம்போல் அவள் முதுகில் கை வைத்துக் கேட்டாள். சத்தம் இருந்தது, நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு. இனிமேல் குறையும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலடிப்பேட்டை வந்தபோது கடைகள் திறந்துகொண்டிருந்தன.

"எம்மா" என்றாள் குழந்தை, வெளியே பார்த்தபடியே. "அங்க நைனாவுக்கு இழுக்காதா?"

தண்டபாணி தினமும் விடியற்காலையில் எழுந்து, மதிலோரம் குந்தி, வெகுநேரம் இருமிக் காறித் துப்புவான். கல்யாணமான புதிதில் இல்லாத இருமல் அது. எப்போது வந்தது என்றுகூடப் புஷ்பவல்லிக்கு நினைவில்லை. சங்குச் சத்தம், வேகன் சத்தம்போல் அதையும் அந்த வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகவே வைத்துவிட்டிருந்தாள்.

"சொல்லும்மா" என்று அம்மு அவள் பக்கம் திரும்பினாள்.